நான் துடைத்தெடுத்த இரைச்சல்

தாப்பாவிலிருந்து மலையேறும் பேருந்து ரிங்லெட்டைத் தொடுவதற்குள் என் உயிலை மனசுக்குள் எழுதி முடித்திருந்தேன். வீடு மனைவிக்கு. கடை தம்பிக்கு. இசைத்தட்டுகளை யாருக்கு எழுதுவது என்பதில்தான் சிக்கல். மனைவிக்கு எழுதினால் பழைய பேப்பர்காரரிடம் போகும். தம்பிக்கு எழுதினால் அவற்றின் மேல் டீ டம்ளர் வைப்பான். இதை யோசித்துக்கொண்டிருந்ததில் சில வளைவுகள் என்னைக் கொல்லாமலே கடந்துபோயின.

மடியில் ஒரு சதுரப் பை. அதற்குள் ஒரு இசைத்தட்டு, அதை ஓட்டும் சிறிய பெட்டி ஒன்று. அந்தத் தட்டுக்கு உலகத்திலேயே அப்போது ஒரே பிரதிதான். அச்சகத்துக்காரர்கள் மாதிரிக்கு அடித்துக் கொடுத்தது. கேமரன் மலையில் இருக்கும் மூன்று பேர் அதைக் கேட்டு, மூவரும் சரி என்று சொன்னால்தான் மற்ற பிரதிகள் அடிக்கப்படும். ஒருவர் முகம் சுளித்தாலும் கதை முடிந்தது. இந்த வேலைக்காகத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

நான் ஈரோட்டில் காது மெஷின் விற்கிறவன். காது கேட்காதவர்களைப் பகலில் கேட்க வைப்பேன். மாலையில் கடையை அடைத்துவிட்டு, காது நன்றாகக் கேட்கிறவர்களே கேட்க விரும்பாத இசையைப் போட்டுக் கேட்பேன். எப்போதாவது அதில் ஒன்றைப் பிடித்து, கைக்காசு போட்டு, தட்டாக வெளியிடுவேன். வாங்குகிறவர்களின் பெயர் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவ்வளவு பேர்தான்.

அது என்ன இசை என்று கேட்பீர்கள். ஷூகேஸ் என்று ஒன்று. கித்தார் வாசிப்பவர்கள் தரையில் கிடக்கும் மிதிபொத்தான்களைக் காலால் அழுத்தியபடி, கூட்டத்தைப் பார்க்காமல் தங்கள் காலணியையே பார்த்து வாசித்ததால் வந்த கேலிப் பெயர். கித்தார் ஒலி மழைத்திரை மாதிரி விழும். பாட்டு அதற்குப் பின்னால் எங்கோ நனைந்துகொண்டிருக்கும். இன்னொன்று போஸ்ட் ராக். பெரும்பாலும் பாட்டே இருக்காது. நம் வீட்டு குக்கர் மாதிரி மெதுவாகச் சூடேறி, விசில் எப்போது வரும் என்று நம்மைப் படபடக்க வைத்து, கடைசியில் ஒரே மூச்சில் அடித்துத் தள்ளும். என் மாதிரி பயந்தாங்கொள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான இசை கிடையாது. நம் நெஞ்சுத்துடிப்பை வேறு யாரோ நமக்காக வாசிக்கிறார்கள்.

பக்கத்து இருக்கையில் ரிங்லெட்டில் இறங்க வேண்டிய அம்மா ஒருவர். நான் கம்பியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்துவிட்டு, "மொத தடவையா? வாந்தி வருதா?" என்றார்.

"வாந்தி இல்லம்மா. பயம்தான் வருது."

"அதுக்கும் இதான்" என்று ஒரு உப்புப் புளிப்புக் கொட்டையை உள்ளங்கையில் வைத்தார். அசாம் பொய் என்று பெயராம். வாயில் போட்டதும் முகம் தானாகச் சுருங்கியது. பயப்படுவதற்கு முகத்தில் இடம் மிஞ்சவில்லை. நல்ல வைத்தியம்.

"காதுல என்ன, சாமி பாட்டா?" என்றார் அடுத்து.

ஜப்பானின் வடகோடித் துறைமுகம் ஒன்றில் நான்கு பேர் செய்த 'உப்புக் கிடங்கு' என்ற தட்டு அது. கிடைத்தால் விடாதீர்கள். முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. இரண்டு கித்தார்கள் ஒரே சுரத்தைத் துளி விலக்கிப் பிடித்திருக்கும். அந்த விலகலிலிருந்து ஒரு அலை எழும். டிரம் வரும்போது நீங்கள் பாதி வழி வந்திருப்பீர்கள். ஆனால் அதுவரை டிரம் இல்லை என்பதே உங்களுக்கு உறைத்திருக்காது. ஒரு காதுக்குழாயை அம்மாவிடம் நீட்டினேன். ஒரு வளைவு முழுக்கக் கேட்டார்.

"கெரெட்டா ரிப்பேர் பண்ற சத்தமா?"

கெரெட்டா என்றால் கார். "இல்லம்மா, பாட்டு."

இன்னொரு வளைவு கேட்டார். "ம். ஆனா நல்லாருக்கு லா. தூக்கம் வருது" என்றார். சொன்னபடியே என் தோளில் தூங்கியும் போனார். அந்தத் தட்டுக்கு நான் எழுதிய பக்கம் பக்கமான விமர்சனத்தைவிட இது மேல்.

தானா ராத்தாவில் மறுநாள் காலை குளிர் கோத்தகிரிக் குளிர்தான், சாப்பாடுதான் வேறு. ரொட்டி சானாயை என் கண்முன்னே காற்றில் வீசி, மடித்து, கல்லில் போட்டு, எடுத்து இரண்டு கையாலும் நொறுக்கித் தட்டில் வைத்தார் மாஸ்டர். நம் பரோட்டாவின் வெளிநாடு போய்வந்த தம்பி. "பொங்குஸா, இங்கயா?" என்று கேட்டார். பொங்குஸ் என்றால் பார்சல். ஊரில் சாம்பாருக்கு நான் சண்டை போடுகிறவன். இங்கே பருப்புக் குழம்பைக் கேட்கக் கேட்க ஊற்றினார்கள், சண்டைக்கு வழியே இல்லை. தே தாரிக் என்று பால் டீயை நுரை பொங்க இழுத்து ஆற்றிக் கொடுத்தார்கள். சுற்றிலும் தேயிலைச் சரிவுகள், சீவி முடித்த தலை மாதிரி. நீலகிரியில் சரிவுக்கு நடுவே சில்வர் ஓக் மரங்கள் காவலுக்கு நிற்கும். இங்கே பல சரிவுகளில் காவலே இல்லை. பச்சை நேராக வானத்தில் போய் முட்டுகிறது.

மூவரில் ஒருவரான கஸ்தூரி காய்கறிக் கடை வைத்திருக்கும் கியா பார்முக்கு டாக்சியில் கிளம்பினேன். சனிக்கிழமை. கோலாலம்பூர்க்காரர்கள் எல்லாம் ஸ்ட்ராபெரி பறிக்க வந்துவிட்டதால் வண்டி நகரவில்லை. டாக்சிக்காரர் ஒவ்வொரு மேட்டிலும் எஞ்சினை அணைத்தார், ஒவ்வொரு முறையும் நாங்கள் கொஞ்சம் பின்னால் உருண்டோம். பின்னால் ஒரு முட்டைக்கோஸ் லோரி, நம் லாரியேதான். நான் கண்ணை மூடிக்கொண்டு 'கெலம்பு' போட்டேன். பண்டுங்கில் ஒரு பெண் தனியாளாகச் செய்தது. கெலம்பு என்றால் கொசுவலை. வலைக்குள் உட்கார்ந்து, பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று கிசுகிசுத்துப் பாடிய பாட்டுகள். கித்தாரை மட்டும் அண்டசராசரம் நடுங்க முடுக்கியிருக்கிறார், காதுக்குழாய் வழியாக. கத்தலும் கிசுகிசுப்பும் ஒரே அறையில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் குடித்தனம் செய்யும் அழகை வேறு எங்கும் நான் கேட்டதில்லை. கேட்டு முடிக்கும்போது முட்டைக்கோஸ் லோரி எங்களை இடிக்கவில்லை என்பதும் தெரிந்தது.

கஸ்தூரி கடையில் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டியவர், தலையில் கம்பளித் தொப்பி, கையில் சோளம். இவர்தான் 'அட்டைக்கடி' குழுவின் பாடகி, கித்தாரும் அவர்தான். தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த மூன்று பேர் இருபது வருஷத்துக்கு முன்னால் சேர்ந்து ஒரே ஒரு கேசட் போட்டார்கள். 'மேல்மாடி' என்று பெயர். அதன் ஒரு பிரதி ஈப்போவிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவரின் பையோடு என் கடைக்கு வந்து, மறந்துபோய், என்னிடமே தங்கிவிட்டது. கேட்ட அன்று நான் கடையைத் திறக்கவில்லை. தமிழில் இப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. மூடுபனிக்குள் நின்று யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரியான குரல். அதைச் சுற்றி ஒரு கித்தார் மலையாக எழுந்து, கரைந்து, மறுபடி எழும். அந்தக் கேசட்டைத்தான் தட்டாக்கிக் கொண்டுவந்திருந்தேன்.

"நீங்கதான் ஈரோட்டு அண்ணனா?" என்றார் கஸ்தூரி. "போன்ல பேசுறப்ப ஒயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ஏம்மா உங்க குழுவுக்கு அட்டைக்கடின்னு பேரு?"

"வெள்ளக்காரன் ஸ்டைலுக்குக் கீழ பாத்து வாசிக்கிறான். நாங்க காலுல அட்ட ஏறுதான்னு பாத்துக்கிட்டே வாசிச்சோம். தோட்டத்துல பொறந்தவங்க எல்லாருமே கீழ பாக்குற ஆளுங்கதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சோளத்தை வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். முன்பொருமுறை யாரோ ஒருவர் கேட்காமல் கொள்ளாமல் இவர்கள் பாட்டை வெட்டி, ஒரு சோப்பு விளம்பரத்துக்கு அடியில் ஓட்டிவிட்டாராம். சொந்தக்காரர்கள் போன் போட்டு, குளிக்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது என்று கிண்டல் செய்திருக்கிறார்கள்.

"அதனால சொல்றேன்ண்ணே. நாளைக்கு நாங்க மூணு பேரும் ஒண்ணா ஒக்காந்து கேப்போம். ஒருத்தர் வேணாம்னாலும் வேணாம். அப்புறம் கெஞ்சக் கூடாது."

"கெஞ்ச மாட்டேன்" என்றேன். கெஞ்சுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு என்பதைச் சொல்லவில்லை. "ரொம்ப சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன், பாருங்க. பளிங்கு மாதிரி இருக்கும்."

"சுத்தம் பண்ண அதுல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை குணா வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். அட்டைக்கடியின் டிரம்மர். இப்போது அதே எஸ்டேட் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறார். வளைவுகளில் ஸ்டியரிங்கிலும் தாளம் போடுகிற மனிதர். இரண்டு கையாலும். நான் இரண்டு காலாலும் இல்லாத பிரேக்கை மிதித்தேன்.

"பயமா இருக்காண்ணே?"

"சேச்சே."

"அப்புறம் ஏன் என் சட்டையப் புடிச்சிருக்கீங்க?"

கேட்கிற நேரத்துக்கு முன்னால் தொழிற்சாலையைக் காட்டுகிறேன் என்று மாடிக்குக் கூட்டிப்போனார். பறித்த கொழுந்தை முதலில் வாட்டும் தளம் அது. நீளநீளமான தொட்டிகளில் பச்சை இலை முழங்கை ஆழத்துக்குப் பரத்தியிருந்தது. ஒவ்வொரு தொட்டியின் தலைமாட்டிலும் ஆள் உயர ஃபேன். அடியிலிருந்து காற்றை ஊதி, மணிக்கணக்காக இலையின் ஈரத்தை இழுக்கும். நறுக்கிய புல்லும் பழுத்த ஆப்பிளும் கலந்த மாதிரி ஒரு வாசனை. ஆகா என்று மூச்சை இழுத்தேன்.

இழுத்த மூச்சை விட முடியவில்லை. அந்த ஃபேன் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். மாதக்கணக்கில் தினமும் கேட்ட சத்தம். கேட்டு, அளந்து, கணினியில் அதன் மேல் கட்டம் போட்டு, துளித்துளியாக நான் துடைத்தெடுத்த சத்தம்.

"இதான்ண்ணே எங்க நாலாவது ஆளு" என்று குணா ஃபேனைத் தட்டிக் காட்டினார். இரைச்சலில் கத்திப் பேச வேண்டியிருந்தது. "நான் அப்ப இங்க வாட்டுற வேல. கிராணின்னா எஸ்டேட் கிளார்க்கு, அவரு ஆபீஸ் நேர் கீழ. ஆனா ஃபேன் ஓடுறப்ப மேல யான ஆடுனாலும் கீழ கேக்காது. அதான் இங்க வந்து வாசிச்சோம். ஒரே மைக்கு, ஒரே சின்ன ரெக்கார்டர். கஸ்தூரி கித்தார சுதி சேத்ததே இந்தச் சத்தத்துக்குத்தான்."

"கடைசிப் பாட்டில்..." என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கடசிப் பாட்டுல நாங்க ஒவ்வொருத்தரா நிறுத்துவோம்ல. மொதல்ல நானு, அப்புறம் மணி, அப்புறம் கஸ்தூரி. கடசில ஃபேன் மட்டும் பாடும். எனக்கு அந்தக் கேசட்லயே புடிச்ச எடம் அதான்."

அந்த இடத்தை நான் வெட்டிவிட்டிருந்தேன். ரெக்கார்டரை அணைக்க மறந்துவிட்டார்கள், பாவம் பிள்ளைகள் என்று நினைத்து.

என் தொழில் புத்தியைச் சொல்ல வேண்டும். காது மெஷின் வாங்கிப்போகிற நம்மூர்க்காரர்கள் மறுநாள் வந்து சொல்லும் முதல் புகார், ஃபேன் சத்தம் தாங்கலீங்க என்பதுதான். அதைக் குறைத்து, மனிதக் குரலை ஏற்றிக் கொடுத்தால் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதைச் செய்து செய்து என் கைக்கு அது மட்டும்தான் தெரியும். உலகத்தில் ஃபேன் சத்தத்துக்கு சுதி சேர்த்த ஒரே குழுவைத் தேடிப் பிடித்து, அதன் ஃபேனைக் கழற்றி வீசியிருக்கிறேன்.

லயத்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தப்பிக்க வழி யோசித்தேன். முள் உடைந்துவிட்டது என்று சொல்லலாம். குளிரில் தட்டு வளைந்துவிட்டது என்று சொல்லலாம். மயங்கி விழலாம். கடைசியது நிஜமாகவே நடக்கும் போலிருந்தது. இவர்கள் பாட்டை உலகத்தைக் கேட்க வைக்க வந்தவன் என்று எனக்கு நானே மனசுக்குள் போட்டு வைத்திருந்த மாலையை நானே கழற்றிக்கொண்டேன்.

கஸ்தூரி வீட்டில் கோழிப் பிரட்டலும் சோறும் தயாராக இருந்தன. அவர் கணவர் மணி, அட்டைக்கடியின் பேஸ் கித்தார்க்காரர். இப்போது காய்கறி லோரி ஓட்டுகிறார். ஆறடிக்கு ஒரு மனிதர். சாப்பாடு முழுக்க அவர் சொன்னது "இன்னும் கொஞ்சம் போடு", "போதும்" இரண்டும்தான்.

"இவுரு எப்பவுமே இப்படித்தாண்ணே" என்றார் கஸ்தூரி. "கல்யாணம் கட்டிக்கலாமான்னு நான்தான் கேக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கும் 'ம்'ன்னாரு."

"'சரி'ன்னேன்" என்றார் மணி.

"'ம்'னுதான் சொன்ன லா" என்றார் குணா. "நான் பக்கத்துல நின்னேன்."

தட்டை ஓட்டும் பெட்டியைத் திறந்தார்கள். நான் வைத்த முள் இரண்டு முறை வழுக்கியது. சொல்லிவிடுவது நல்லது என்று வாயைத் திறந்தபோது பாட்டு ஆரம்பித்துவிட்டது. கித்தார் வந்தது, பளிங்கு மாதிரி. நான் சொன்ன அதே பளிங்கு.

"கரண்ட்டு போயிருச்சா?" என்றார் குணா மெதுவாக.

"ஃபேன் எங்கண்ணே?" என்றார் கஸ்தூரி.

சொன்னேன். கடைசிப் பாட்டில் வெட்டியதையும் சேர்த்துச் சொன்னேன். கரண்ட் கோளாறு என்று நினைத்ததையும், பெருமையாகச் செய்ததையும். குணா தலையில் கை வைத்துக்கொண்டார். கஸ்தூரி என்னைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்பது அவர் தோளிலேயே தெரிந்தது. மணி சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போக எழுந்தார்.

அப்போது இரண்டாவது பாட்டு தொடங்கியது. கஸ்தூரியின் குரல், பின்னால் கித்தார். அதற்கும் பின்னால், மைக்குக்கு எட்டாத தூரத்தில், இன்னொரு குரல். கேசட்டில் அது கேட்காது. ஃபேனை எடுத்ததும் ஏதோ முனகல் மேலே வந்திருந்தது. டிரம்மர் தாளம் எண்ணுகிறார் என்று நினைத்து ஈரோட்டில் நான் அதை ஏற்றியும் வைத்திருந்தேன். அந்தப் பேச்சு வேகம் என் காதுக்கு அங்கே பிடிபடவில்லை. இவர்களுக்குப் பிடிபட்டது.

"யாரு இது?" என்றார் குணா. "நான் இல்ல."

மணி பெட்டியை நோக்கி வந்தார். அந்த உடம்புக்கு அப்படி ஒரு வேகத்தை எதிர்பார்க்கவில்லை.

"கைய எடு" என்றார் கஸ்தூரி.

கொஞ்சமும் சுதி இல்லாத குரல், முழு மனசோடு. ஃபேன் இருக்கிற தைரியத்தில் பாடிய குரல். பாட்டு வரி எதுவும் இல்லை, கண்ணில் பட்டதை எல்லாம் பாடியிருந்தார். கஸ்தூரி மஞ்ச சட்ட போட்டிருக்கு. கஸ்தூரி கால்ல சேறு. கஸ்தூரி கீழயே பாக்குது. ஒரு வாட்டி மேல பாரு கஸ்தூரி. ஒரே ஒரு வாட்டி பாரு.

பாட்டு முடியும்வரை இதேதான், மாற்றி மாற்றி. அடுத்த பாட்டிலும்.

குணா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், வாசலுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். மணி சுவரில் சாய்ந்து, தன் கால்விரல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"எத்தன நாளு பாடுன?" என்றார் கஸ்தூரி.

"ஃபேன் ஓடுன நாளெல்லாம்."

"எனக்கு எப்படிக் கேக்கும்?"

"கேக்கக் கூடாதுன்னுதான் பாடுனேன்" என்றார் மணி. அன்று அவர் பேசிய வாக்கியங்களில் அதுதான் நீளம். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, இத ஒடச்சிப் போட்டுருங்க" என்றார்.

கஸ்தூரி எழுந்து, தட்டை எடுத்து, உறையில் போட்டு, அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கடைக்காரக் குரல் திரும்பியிருந்தது. "வெளிய போறதுல ஃபேன் இருக்கணும். வெட்டுன எடம் முழுசா இருக்கணும். ஒங்க பளிங்கு ஒண்ணும் வேணாம். அப்படின்னா எனக்குச் சரி."

"எனக்கும்" என்றார் குணா.

எல்லோரும் மணியைப் பார்த்தோம்.

"ஃபேன நல்லா சத்தமா வைங்க" என்றார் மணி. "சரி."

இந்தச் சம்பவத்தை எழுதலாமா என்று அங்கேயே கேட்டேன். கஸ்தூரி எழுதச் சொன்னார். பெயரையாவது மாற்றச் சொன்னார் மணி. எல்லோர் பெயரையும் மாற்றியிருக்கிறேன். பாட்டில் வரும் பெயரையும்தான். ஆகவே தட்டு வந்ததும் வாங்கி, ஃபேனுக்குப் பின்னால் காதை வைத்துத் தேடாதீர்கள். எதுவும் கேட்காது. இந்த முறை இரைச்சலில் கை வைக்க மாட்டேன் என்று ஒரு அலமாரிச் சாவியின் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தட்டை ஃபேனுக்காகவே வாங்குங்கள். அந்தக் கடைசிப் பாட்டில் மூவரும் ஒதுங்கி, ஒரு மெஷினுக்கு மேடையை விட்டுக் கொடுக்கிறார்கள். பெரிய பெயர் எடுத்த குழுக்கள் பல வருஷம் தேடிய ஒலி அது. இவர்கள் கிராணிக்குப் பயந்து ஒளிந்த இடத்தில் அது இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

மாலையில் மணி தன் லோரியில் என்னைத் தானா ராத்தாவுக்குக் கொண்டுபோய் விட்டார். பின்னால் முட்டைக்கோஸ், முன்னால் மூடுபனி. எஞ்சின் எங்கள் காலடியிலேயே இருந்தது. அது போட்ட சத்தத்தில் பல் அதிர்ந்தது. இரண்டு வளைவு போனதும் மணியின் உதடு அசைவது கண்ணாடியில் தெரிந்தது. எஞ்சின் இருக்கிற தைரியம்.

என் காது தொழில்காது. எந்த இரைச்சலுக்கு அடியிலிருந்தும் மனிதக் குரலைப் பிரித்துவிடும். அடுத்த வளைவில் லோரி சரிவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியபோதுகூட கம்பியைப் பிடிக்க எனக்குத் தோன்றவில்லை. கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.